நடந்து வருபவருக்குத் தண்ணீர் தராத ஊரா இது?

"அந்தக் காலம் மாதிரியா இப்ப? முன்னப் பின்னத் தெரியாதவன் வாசல்ல வந்து நின்னா எவன் கதவைத் திறப்பான்?" கல்யாணப் பந்தியிலும் பேருந்து நிலையத் தேநீர்க் கடையிலும் இதைச் சொல்லாதவர் இல்லை. எழுதுகிறவர்களும் இதையேதான் எழுதுகிறார்கள். விருந்தோம்பல் செத்துவிட்டது, திண்ணையை இடித்த அன்றே மனசையும் இடித்துவிட்டோம், தெரியாத ஊர் வழியாக இனி யாரும் கைவீசி நடக்க முடியாது என்கிறார்கள். புதுக்கோட்டையிலிருந்து ராமேஸ்வரம்வரை நடந்து போகப்போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் வீட்டில் முதலில் கிடைப்பது இந்தப் பதில்தான். அனுபவம் பேசுகிறது என்று எல்லோரும் தலையாட்டிவிடுகிறோம்.

நான் தலையாட்ட மாட்டேன். இந்தக் கருத்து தவறானது. அது ஊருக்குத் தீங்கும் செய்கிறது. எதைச் சரிசெய்ய வேண்டுமோ அதைப் பார்க்க விடாமல், சரியாக இருக்கிற ஒன்றைக் குறைசொல்ல வைக்கிறது.

இதைச் சொல்கிறவர்கள் கடைசியாக எப்போது ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்தார்கள்? கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு வழியில் இருக்கும் எந்த மனிதரும் அந்நியராகத்தான் தெரிவார். அவர்களோடு ஒரு வார்த்தை பேசாமலே அவர்களின் மனசைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயில், அங்கிருந்து மீமிசல் என்று நடந்து பாருங்கள். முதல் மணி நேரத்துக்குள் ஒரு பைக் உங்கள் பக்கத்தில் வந்து வேகம் குறையும். "வண்டி கெட்டுப்போச்சாண்ணே? ஏறுங்க, முக்கத்துல எறக்கிவிடுறேன்." வேண்டாம், நடக்கத்தான் வந்தேன் என்றால் அவருக்குப் புரியாது, ஆனாலும் போகிற போக்கில் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுப் போவார். ஆவுடையார்கோயில் தாண்டிய ஒரு கண்மாய்க் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னை நிறுத்தினார். "பஸ்ஸ விட்டுட்டியளா தம்பி?" இல்லை, நடந்துதான் வருகிறேன் என்றேன். "நடந்தா? வேண்டுதலா?" சும்மாதான் ஆத்தா என்றதும் கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தார். பிறகு தூக்குவாளியைத் திறந்து, அதன் மூடியிலேயே கஞ்சியை ஊற்றி, இரண்டு சின்ன வெங்காயத்தையும் வைத்து நீட்டினார். அவருடைய மதியச் சாப்பாட்டில் பாதி அது. நான் குடித்து முடிப்பதற்குள் அடுத்த அடிபம்பு எங்கே இருக்கிறது, எந்தக் கரைமேல் ஏறினால் ரோட்டுச் சுற்று மிச்சம் என்றெல்லாம் சொல்லிவிட்டார். என் பெயரைக் கேட்கவில்லை.

ஒருவருடைய நடை எதையும் நிரூபிக்காது என்பார்கள். சரி, ஊரோடு நடப்பவர்களைப் பார்க்கலாம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடியோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டத்து ராயவரம், வலையபட்டி, நச்சாந்துபட்டி, குழிபிறை போன்ற ஊர்க்காரர்களுக்கு அது தலைமுறை தலைமுறையான வழக்கம். சமயபுரத்துப் பூச்சொரிதலுக்கும் சித்திரைத் தேருக்கும் புதுக்கோட்டையிலிருந்து கீரனூர், திருச்சி வழியாக மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் இரவெல்லாம் நடக்கிறார்கள். வழிநெடுக என்ன நடக்கிறது? யாரோ நீர்மோர்ப் பானையோடு நிற்கிறார். இளவட்டங்கள் பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் வைத்துக்கொண்டு, வருகிறவர் காலைக் கழுவி, கொப்புளத்துக்கு எண்ணெய் தடவுகிறார்கள். தார் கொதிக்கும் பகலில் ஒரு டேங்கர் லாரி முன்னால் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகிறது. அந்தக் கால்கள் யாருடையவை என்று எவரும் விசாரிப்பதில்லை.

"அதெல்லாம் சாமிக்காகச் செய்வது. மனுசனுக்காக எவன் செய்கிறான்?" என்பது அடுத்த வாதம். கொடுக்கிறவர் யாரை நினைத்துக் கொடுத்தால் என்ன? மோர் இறங்குவது முன்பின் தெரியாத ஒருவரின் தொண்டையில்தானே. அதோடு, சாமி சம்பந்தமே இல்லாத நடையும் இந்த மாவட்டத்தில் வருசா வருசம் உண்டு. ராமநாதபுரம் சீமையிலிருந்து கீதாரிகள் தங்கள் ஆட்டுக் கூட்டத்தோடு காவிரிப் படுகைக்கு நடக்கிறார்கள். சம்பா அறுவடை முடிந்த வயலில் கிடை போட வேண்டும். ஆட்டுப் புழுக்கை எருவாக வேண்டும். போகிற வழியெல்லாம் பிறத்தியார் வயலில் இராத் தங்கல், பிறத்தியார் கிணற்றில் தண்ணீர். கைக்குழந்தையும் சட்டிபானையும் அவர்களோடு வருகின்றன. வயல்காரர் கூலி கொடுக்கிறார் என்பது உண்மைதான். ஆனாலும் வேறு சீமையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைத் தன் நிலத்தில் படுக்கவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிற நம்பிக்கை கூலிக்கணக்கில் அடங்காது.

நாடு விட்டு நாடு நடந்தவர்களுக்கும் இப்படித்தான் நடந்தது. 1962இல் சதீஷ்குமாரும் கேரளத்துக்காரரான ஈ.பி. மேனனும் அணுகுண்டுக்கு எதிராக டெல்லியிலிருந்து நடக்கத் தொடங்கினார்கள். கையில் காசு வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார் காந்தியவாதி வினோபா பாவே. காசிருந்தால் விடுதிக்குப் போய்விடுவீர்கள். இல்லாவிட்டால் மனிதர்களிடம் போவீர்கள் என்பது அவர் கணக்கு. அவர்கள் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் தாண்டி மாஸ்கோ, பாரிஸ் என்று போனார்கள். வழியில் சோறு போட்டவர்கள் கிராமத்துக்காரர்கள். பிரான்சில் பிடித்துச் சிறையில் போட்டது அரசாங்கம்.

அந்தக் காலம் பொற்காலம் என்கிறார்களே, அதையும் விட்டுவிடக் கூடாது. அந்தக் காலத்தின் தடயம் நம் மாவட்டத்திலேயே பாறையில் இருக்கிறது. சித்தன்னவாசலில் ஓவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்கள் அதிகம். குன்றின்மேல் ஏறிப் போய், பாறையில் வெட்டிய கால்படிகளைப் பிடித்து ஏழடிப்பட்டத்துக்கு வாருங்கள். மேலே தொங்கும் பாறைக்கடியில் பதினேழு கற்படுக்கைகள். படுக்கிறவரின் தலைக்கு உயரமாக இருக்கட்டும் என்று தலைமாட்டில் கல்லையே தலையணைபோல விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். வழவழப்பாகத் தேய்த்திருக்கிறார்கள். ஒரு படுக்கையின் ஓரத்தில் தமிழி எழுத்து. கிறித்து பிறப்பதற்கு முற்பட்டது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்குச் சிறுபோசில் ஊர் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. எருமிநாடு என்பது மைசூர்ப் பக்கம் என்று கல்வெட்டு அறிஞர்கள் கருதுகிறார்கள். சமணத் துறவி வண்டி ஏற மாட்டார், நடந்துதான் வந்திருப்பார். எங்கிருந்தோ வந்த மனிதருக்கு உள்ளூர்க்காரர்கள் மலையில் உட்கார்ந்து நாள்கணக்கில் உளியடித்திருக்கிறார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது அவர்களின் நல்ல மனசை மட்டுமல்ல. அந்த மனசு கல்லில் இறங்கியது. ஒரு வேலையாக நடந்தது. பிற்காலத்தில் அது சத்திரமாயிற்று. ராமேஸ்வர யாத்திரைக்காரர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் ஒரத்தநாடு தொடங்கிக் கடற்கரைவரை வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். சேதுபாவாசத்திரம் தாண்டி, இன்று நம் மாவட்டத்தில் இருக்கும் கட்டுமாவடி, மணமேல்குடி, மீமிசல் வழியாகப் போகிற பாதை அது. ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் இழந்த சரபோஜி மன்னர் 1801இல் கம்பெனி அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் அந்தச் சத்திரங்களை விட்டுத்தர முடியாது என்று மன்றாடி, அங்கே என்ன நடக்கிறது என்பதையும் விளக்கினார். எல்லாச் சாதி வழிப்போக்கருக்கும் சோறு. சமைத்த சோறு வேண்டாதவருக்கு அரிசியும் சாமான்களும். நோயாளிக்கு மருந்து, கைக்குழந்தைக்குப் பால், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பேறுபார்ப்பு, இறந்துபோனால் அவரவர் வழக்கப்படி சடங்கு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள் என்று கூவி அழைப்பார்கள்.

அந்த நள்ளிரவு மணியை அடித்தவர் எந்த மனநிலையில் இருந்தார் என்று யாருக்குத் தெரியும்? தூக்கக் கலக்கத்தில்கூட அடித்திருப்பார். அடிக்கும்படி ஏற்பாடு இருந்தது. அதற்கென்று எழுதிவைத்த கிராமங்கள் இருந்தன, அவற்றின் வருமானம் இருந்தது, அரிசி வந்தது, சமையல்காரருக்குச் சம்பளம் வந்தது. அந்தக் காலத்து மனிதர்கள் நம்மைவிட ஈரமானவர்கள் என்று நாம் ஏங்குவதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறதெல்லாம் இந்த ஏற்பாடுதான். சுமைதாங்கிக் கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நட்டமாக இரண்டு கல், மேலே படுக்கையாக ஒரு கல். தலைச்சுமையைப் பிறர் கை இல்லாமலே அப்படியே சரித்து வைக்கும் உயரம். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் வைப்பது. அந்தக் கல் ஒருவர் கேட்டு இன்னொருவர் செய்யும் உதவி அல்ல. கேட்காமலே நூறு வருசம் நிற்கும் உதவி. அப்படிப்பட்டவற்றை நாம் வைப்பதை நிறுத்திவிட்டோம். நிறுத்திவிட்டு, மனிதர்கள் மாறிவிட்டார்கள் என்கிறோம்.

மனிதர்கள் மாறவில்லை என்பதற்கு 1930ஐவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அந்த ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறக்குறைய நூறு தொண்டர்கள் உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குப் புறப்பட்டார்கள். சுமார் 150 மைல். தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் ஓர் உத்தரவு போட்டார்: இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர் தண்டிக்கப்படுவார். நடப்பவர்களை அடிப்பதைவிட, கொடுப்பவர்களை மிரட்டுவது போதும் என்று அவர் கணக்குப் போட்டார். அவர் எதிர்பார்த்தது இன்று நம் பெரியவர்கள் சொல்கிற அதே காட்சியைத்தான்: கதவைச் சாத்திக்கொள்ளும் ஊர்கள். நடந்தது என்ன? தொண்டர்கள் வரும் வழியில் மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தொங்கின. ஆற்றங்கரையில் உணவைப் புதைத்து அடையாளம் வைத்தார்கள். வெளிப்படையாக விருந்து வைத்துக் கைதானவர்களும் உண்டு. ஏப்ரல் 28 அன்று அணி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது. அந்தப் பொட்டலத்தைக் கட்டிய பெண்களுக்கு அதைத் தின்னப்போகிறவர் பெயர் தெரியாது. தின்றவர்களுக்கும் கட்டியவர் பெயர் தெரியாது. அது சுதந்திரப் போராட்டம், அதை எப்படி இதோடு ஒப்பிடுவது என்று கேட்கலாம். ஒப்பிடத்தான் வேண்டும். ஜெயில் பயம் இருந்தபோதே சோறு வந்தது என்றால், அந்தப் பயம் இல்லாத இன்று மக்களிடம் அது இல்லை என்று சொல்லுகிறவர்தான் ஆதாரம் காட்ட வேண்டும்.

இனி, என் தரப்புக்கு எதிரான பலமான வாதத்துக்கு வருகிறேன். யாருக்கு அன்பு? எந்தத் தெருக்காரனுக்குத் தண்ணீர்? இந்த மாவட்டத்தில் நின்றுகொண்டு இதைப் பேசாமல் கடந்துபோக எனக்கு மனசு வராது. வேங்கைவயலில், 2022 டிசம்பரில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் அங்கே பக்கத்து இறையூரின் தேநீர்க் கடையில் தனிக் குவளை இருப்பதைக் கண்டார். சாமி கும்பிட விடாமல் வைத்திருந்த மக்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். சத்திரத்துச் சோறும் எல்லோருக்கும் உண்டு என்றாலும், எல்லோருக்கும் ஒரே பந்தியில் அல்ல. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மட்டுமே கடக்க முடிந்த தெருக்கள் இருந்ததை இன்று உயிரோடு இருப்பவர்களே சொல்வார்கள். கண்மாய்க் கரையில் எனக்கு ஊற்றிய கஞ்சியை எல்லா நடையாளருக்கும் எல்லா ஊரும் ஊற்றும் என்று நான் சொல்லவில்லை.

ஆனால் இந்த உண்மை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். தனிக் குவளை அந்நியருக்காக வைக்கப்பட்டது அல்ல. அப்பன் பெயர், பாட்டன் பெயர், எந்த வீடு என்று எல்லாம் நன்றாகத் தெரிந்த பக்கத்துத் தெருக்காரருக்காக வைக்கப்பட்டது. முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்தக் கடையில் நல்ல குவளை கிடைத்திருக்கும். அவர் யார் என்று தெரிந்த பிறகுதான் குவளை மாறும். ஆக, நம் ஊரின் நோய் அந்நியரை அறியாததால் வந்தது அல்ல. தெரியாதவனை நம்பாதே, தெரிந்தவர்களோடு இரு என்கிற அறிவுரையில் அதற்கு மருந்து இல்லை. அந்த அறிவுரையைச் சாப்பிட்டுத்தான் அந்த நோயே வளர்கிறது. காலம் கெட்டுவிட்டது என்கிற பேச்சும் ஒரு தெருவின் பேச்சுதான். செருப்பைக் கழற்றாமல் நடக்க இப்போதுதான் வழி கிடைத்தவரிடம் போய் அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல எவருக்கும் தைரியம் வராது.

பெண்கள் தனியாக நடக்க முடியுமா என்பதும் உண்மையான கேள்வி. நான் ஆண், நான் போன வழியெல்லாம் என் தங்கைக்கும் திறந்திருக்கும் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் கீரனூர்ச் சாலையில் நடுராத்திரி இரண்டு மணிக்குப் பெண்கள் பயமில்லாமல் நடக்கும் இரவுகள் வருசத்தில் சில உண்டு. அதே சாலை, அதே ஊர்கள், அதே ஆண்கள்தான். அந்த இரவுகளில் வெளிச்சம் இருக்கிறது, பந்தல் இருக்கிறது, கழிப்பிடம் இருக்கிறது, பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். மற்ற இரவுகளில் இவை எதுவும் இல்லை.

அந்நியர் என்றாலே ஆபத்து என்ற நம்பிக்கை சும்மா இருக்கும் நம்பிக்கை அல்ல, அது கொல்லும். 2018 மே மாதம் பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று தமிழ்நாடு முழுவதும் வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து உறவினர்களோடு வந்த 65 வயதுப் பெண்மணி, வழி கேட்க நின்ற இடத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்தே கொன்றது. இதைக் காட்டித்தான் பலர், பார்த்தாயா, இதுதான் நாடு என்று என்னிடம் சொல்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன்: அன்று கொல்லப்பட்டவர் யார்? அந்நியர். அவரால் யாருக்கு என்ன தீங்கு? ஒன்றுமில்லை. அடித்தவர்கள் கையில் இருந்த செய்தி என்ன? தெரியாதவரை நம்பாதே. ஒவ்வொரு வீட்டிலும் புத்திமதியாகச் சொல்லப்படுகிற அந்த ஒரு வரியைத் தவிர அந்தச் செய்தியில் வேறொன்றும் இல்லை. குழந்தைக்கு மிட்டாய் கொடுத்த பாட்டியை அந்த வரி பிள்ளை பிடிப்பவராகக் காட்டியது.

நடப்பவருக்கு ஆபத்தே இல்லையா என்றால், இருக்கிறது, நிறைய இருக்கிறது. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அரசின் கணக்கு இது. அவர்கள் வாகனம் மோதி இறந்தவர்கள். பிள்ளை நடந்து போகிறேன் என்றால் நாம் பயப்பட வேண்டியது இதற்கு. விராலிமலை வழியாகப் போகும் நான்குவழிச் சாலையில் கொஞ்சம் நடந்து பாருங்கள். நிழலுக்கு ஒரு மரம் கிடைக்காது. ஒதுங்கி நடக்கச் சரியான மண்பாதை கிடையாது, நடுவில் தடுப்பு. எதிர்ச்சாரியில் தெரியும் குழாய்க்குப் போக வேண்டுமானால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு குறுக்கே ஓட வேண்டும். பழைய சாலையின் இருபுறமும் நின்ற புளியமரங்கள் அகலப்படுத்தும்போது போயின. எதிரே ஒருவர் சோறும் தண்ணீருமாக நின்றாலும், நடந்து வருகிறவரும் அவரும் சந்தித்துக்கொள்ள ஓர் இடம் இல்லை. அன்பு வற்றிவிட்டது என்று ஊர் புலம்புவதால் யாருக்கு வசதி என்றால், இந்தச் சாலைக்குத் திட்டம் போட்டவர்களுக்கு. மனசு கெட்டதென்றால் எவரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. நடைபாதை இல்லை என்றால் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சாலையில் நடப்பவர்கள் என்னைப் போல ஆசைக்கு நடப்பவர்கள் மட்டும் அல்ல என்பதையும் மறந்துவிட்டுப் பேசுகிறோம். பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள், நூறுநாள் வேலைக்குக் கூடையும் மண்வெட்டியுமாகப் போகிற பெண்கள், பஸ் தவறிய கிழவர்கள், சந்தைக்கு ஆடு ஓட்டுகிறவர்கள் எல்லாம் தினமும் அங்கே நடக்கிறார்கள். தொலைதூரம் நடப்பவருக்குத் தேவையானதெல்லாம் இவர்களுக்கும் தேவை.

ஆகவே நான் கேட்பது நல்ல மனிதர்களை அல்ல, அவர்கள் இருக்கிறார்கள். அகலப்படுத்துகிற ஒவ்வொரு சாலைக்கும் நடக்க ஒரு தனி ஓரம் வேண்டும். சில கிலோமீட்டருக்கு ஒரு குழாயும், பெண்கள் போகக்கூடிய ஒரு கழிப்பிடமும் வேண்டும். வெட்டின புளிக்கு ஈடாகப் புங்கனோ வேம்போ நட்டு, மூன்று கோடை தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். ஊராட்சியின் சமுதாயக்கூடத் தாழ்வாரத்தில் வழிப்போக்கர் ஓர் இரவு படுக்கலாம், எந்தச் சாதி என்று எவரும் கேட்கக் கூடாது என்று சுவரில் எழுதிவைக்க வேண்டும். சமயபுரத்து நடைக்குப் போடும் பந்தல்களில் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் செய்கிற ஏற்பாட்டை, தேர் முடிந்த மறுநாள் பிரித்துக் கொண்டுபோகாமல் அப்படியே விட்டுவைத்தால்கூட முதல் வருசத்துக்குப் போதும். கீரனூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவில் இதைத் தொடங்கலாம். நடக்கிறவர்களும் மோர் ஊற்றுகிறவர்களும் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள்.